மருந்தாக வந்த காக்கா

1. நம்ம ஊர் காக்காவை எத்தனை பேர் நின்னு உத்துப் பார்த்திருப்போம்? கழுத்து சாம்பல் நிறம், மத்ததெல்லாம் பளபளன்னு கருப்பு. அமாவாசை அன்னைக்கு மொட்டை மாடியில நின்னு "கா கா"ன்னு கூப்பிடுவோம், மறுநாள் வடாம் காயப் போட்டா குச்சியை எடுத்து விரட்டுவோம். அவ்வளவுதான் நம்ம உறவு.

2. இதே காக்காவை, இதே இனத்தை, 10 லட்சம் எண்ணிக்கையில கொல்லப் போறோம்னு கென்யாவோட வனவிலங்குத் துறை 2024 ஜூன்ல அறிவிச்சுது. ஆப்பிரிக்காவுல நம்ம காக்காவுக்கு என்ன வேலை? அது எப்படி அங்க போச்சு? இதுல ஒரு டாக்டருக்கு என்ன அக்கறை? கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்துடுங்க.

3. எனக்குப் பறவை பார்க்குற கிறுக்கு உண்டுன்னு இங்க பல பேருக்குத் தெரியும். சில வருஷம் முன்னாடி கென்யா போயிருந்தேன். 1,100-க்கும் மேல பறவை இனங்கள் இருக்குற நாடு. நைரோபியில முதல் நாள் காலையில காபி ஆறுறதுக்குள்ள நோட்டுல ஒரு பக்கம் நிரம்பிடுச்சு.

4. கூரைக்கு மேல தொண்டை கிழியக் கத்திக்கிட்டுப் போற ஹடாடா அரிவாள்மூக்கன். நீலமும் செம்பழுப்புமா மின்னுற ஒரு மைனா சாதிப் பறவை. எலி மாதிரி கிளைக்குக் கிளை ஊர்ந்து ஏறுற நீள வால் குருவி. ரோட்டோர மரத்து உச்சியில வழுக்கைத் தலையோட ஆளுயரத்துக்கு நிக்குற மராபு நாரை. அப்புறம் வெள்ளை பனியன் மாட்டுன மாதிரி நெஞ்சும் பிடரியும் வெளுத்த ஒரு காக்கா. அதுதான் அந்த மண்ணோட சொந்தக் காக்கா.

5. அடுத்து மொம்பாசா. கடலோரத்துல 1590-கள்ல போர்த்துகீசியர் கட்டின ஜீசஸ் கோட்டை இருக்கு. காலையில அங்க போய் நின்னா முதல்ல காதுல விழுந்த சத்தம் "கா... கா...". கண்ணை மூடினா எங்க ஊர் பஸ் ஸ்டாண்டு. சாம்பல் கழுத்து, அதே திருட்டுப் பார்வை. சத்தியமா சொல்றேன், சொந்தக்காரனைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

6. கூட வந்த வழிகாட்டிக்கு அந்தச் சந்தோஷம் இல்ல. அறுபது வயசு இருக்கும். "டாக்டர், நீங்க இந்தியாதானே? உங்க குங்குருவை எப்போ திருப்பிக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"ன்னு கேட்டார். குங்குருன்னா சுவாஹிலி மொழியில காக்கா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். ஆனா அது முழுக்க ஜோக் இல்லைன்னு அவர் முகத்துலேயே தெரிஞ்சுது.

7. சின்ன வயசுல அவங்க பாட்டி வீட்டுத் தென்னை மரம் முழுக்க மஞ்சள் தூக்கணாங்குருவிக் கூடு தொங்குமாம். குஞ்சு பொரிக்கிற காலத்துல சத்தம் தாங்காதாம். இப்ப அந்த மரத்துல காக்காக் கூடு மட்டும்தான்னு சொன்னார். அந்தக் கேள்விக்கு என்கிட்ட அன்னைக்குப் பதில் இல்ல. ஊருக்கு வந்து தேடித் தேடிப் படிச்சதைத்தான் இங்க சொல்றேன்.

8. கதை மொம்பாசாவுல ஆரம்பிக்கல. தெற்கே, இன்னைக்கு டான்சானியாவோட சேர்ந்திருக்குற ஜான்சிபார் தீவுல ஆரம்பிக்குது. 19-ம் நூற்றாண்டுல ஓமன் சுல்தான் சையத் சயீத் தன் அரசவையையே மஸ்கட்டிலிருந்து அங்க மாத்திக்கிட்டார். கிராம்பு, யானைத் தந்தம், அடிமை வியாபாரம். பருவக்காத்தைப் பிடிச்சுப் பாய்க்கப்பல்கள் அரேபியாவுக்கும் இந்தியாவுக்கும் போய் வந்துட்டிருந்த காலம். பணம் கொட்டுச்சு, கூட்டம் பெருகுச்சு.

9. குப்பையும் பெருகுச்சு. கழிவு, செத்த மிருகம், சில சமயம் மனுஷப் பிணம்கூட கடற்கரையில கிடந்துச்சு. 1866-ல அங்க தங்கின டேவிட் லிவிங்ஸ்டன், நாத்தம் தாங்காம ஊர்ப் பேரையே நாத்தத்தோட சேர்த்துக் கிண்டலா எழுதி வச்சிருக்கார். அவரும் ஒரு டாக்டர்தான்.

10. அடுத்து வந்தது காலரா. 1869-70-ல ஜான்சிபாரை அடிச்ச அலை கொடூரமானது. அப்ப அங்க வேலை பார்த்த ஜேம்ஸ் கிறிஸ்டிங்கிற ஸ்காட்லாந்து டாக்டர், வியாபாரப் பாதையையும் கப்பல் பாதையையும் பிடிச்சுக்கிட்டு காலரா எப்படி ஊர் ஊராப் போகுதுன்னு விசாரிச்சு, 1876-ல கிழக்கு ஆப்பிரிக்காவின் காலராவைப் பத்தி ஒரு முழு புத்தகமே போட்டார். லேப் கிடையாது, கல்ச்சர் கிடையாது. ஆளைப் பார்த்து, கேட்டு, எழுதினதுதான்.

11. இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. லண்டன்ல ஜான் ஸ்நோ காலராவுக்கும் குடிதண்ணிக்கும் உள்ள தொடர்பைக் காட்டினது 1854. ராபர்ட் கோக் கல்கத்தாவுல உட்கார்ந்து காலராக் கிருமியைப் பிரிச்சு எடுத்தது 1884. அதாவது 1890 வர்றப்ப, ஊரு சுத்தமா இருக்க என்ன வேணும்னு மருத்துவ உலகத்துக்குத் தெரியும். நல்ல தண்ணி, கழிவுநீர் வாய்க்கால், தினமும் குப்பை அள்ள ஆள். மூணுமே காசு கேக்குற விஷயம்.

12. 1890-ல ஜான்சிபார் பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள்ள வந்துச்சு. அந்தப் பத்தாண்டுலதான் இந்தியாவிலிருந்து காக்காக்களைக் கப்பல்ல கொண்டு வந்து தீவுல விட்டாங்க. நோக்கம் ஒண்ணுதான்: குப்பையைத் தின்னு ஊரைச் சுத்தம் பண்ணும். சம்பளம் வேண்டாம், லீவு கேக்காது, பென்ஷன் கிடையாது. பேப்பர்ல பார்த்தா அருமையான ஐடியா.

13. இப்ப என் க்ளினிக்ல நடந்த ஒரு விஷயம். ஒரு அம்மா, முகம் உப்பி, உடம்புல அங்கங்க தோல் கன்னிப்போய், சுகர் எகிறி வந்தாங்க. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"ன்னா, நாலா மடிச்ச ஒரு பழைய சீட்டை எடுத்து நீட்டுனாங்க. மூட்டு வலிக்கு யாரோ, எப்பவோ எழுதின ஸ்டீராய்டு. அன்னைக்கு வலி போச்சு. அதனால நிறுத்தவே இல்ல. எத்தனை நாளைக்குன்னு அந்தச் சீட்டுல எழுதியிருக்கல. மருந்துக் கடையில கேட்டப்ப எல்லாம் கொடுத்துட்டாங்க.

14. அந்த மருந்து தப்பில்லைங்க. எத்தனையோ உயிரைக் காப்பாத்துற மருந்து. ஆனா எப்ப நிறுத்தணும், எப்ப திரும்ப வந்து பார்க்கணும், என்ன பக்க விளைவு வந்தா ஓடி வரணும், இந்த மூணும் இல்லாம எழுதின சீட்டு பாதிச் சீட்டு. ஜான்சிபார் காக்கா அந்த மாதிரி ஒரு சீட்டு. யாரும் திரும்ப வந்து பார்க்கல.

15. பக்க விளைவு சீக்கிரமே தெரிஞ்சுது. 20-ம் நூற்றாண்டோட முதல் சில பத்தாண்டுகள்லயே அது தொல்லைப் பறவைங்கிற பேரை வாங்கிடுச்சு. குப்பையைத் தின்னுச்சு, உண்மைதான். கூடவே கோழிக்குஞ்சு, குருவி முட்டை, தானியம், பழம், மீன் காயப்போட்ட களம்னு எதையும் விடல. குப்பையை மட்டும் தின்னுன்னு காக்காவுக்கு யாரு சொல்லிக் கொடுக்குறது?

16. ஏன் இவ்வளவு பெருகுச்சு? முதல் காரணம், இது காட்டுப் பறவையே இல்ல. மனுஷன் இல்லாத இடத்துல இந்தக் காக்கா கூட்டமா வாழ்ற மாதிரி எங்கயும் பார்க்க முடியாது. நாம போற இடமெல்லாம் அதுக்கு வீடு. கம்பி, பிளாஸ்டிக், குச்சி, எது கிடைச்சாலும் கூடு கட்டிடும். ஒரு காக்கா கத்துக்கிட்ட ஆபத்தைப் பத்து காக்கா பார்த்துக் கத்துக்கும்.

17. ரெண்டாவது காரணம் நமக்கெல்லாம் நல்லாத் தெரிஞ்சது. குயில்! நம்ம ஊர்ல குயில் தன் முட்டையைக் காக்காக் கூட்டுலதான் இடும். காக்கா தன் குஞ்சுன்னு நெனச்சு ஊட்டி வளர்க்கும், அதோட சொந்தக் குஞ்சு சில பட்டினியில போகும். இயற்கையே வச்ச ஒரு சின்ன குடும்பக் கட்டுப்பாடு. கிழக்கு ஆப்பிரிக்காவுல நம்ம குயில் கிடையாது. காக்காவை ஏத்தின கப்பல்ல அதைக் கட்டுப்படுத்துற எதையும் ஏத்தல.

18. இது அங்க மட்டும் நடந்த கதையும் இல்ல. அதே காலகட்டத்துல மலாயாவோட கிளாங் பகுதிக்கு இலங்கையிலிருந்து இதே காக்காவைக் கொண்டு போனாங்க, காபித் தோட்டத்துப் புழுவைத் தின்னட்டும்னு. காபித் தோட்டம் போயிடுச்சு. காக்கா இன்னைக்கும் இருக்கு. கிளாங்ல இருக்குற நம்ம ஆளுங்க யாராவது இதைப் படிச்சா, ஜன்னலைத் திறந்து பார்த்துக்கோங்க.

19. மொம்பாசாவுக்கு வருவோம். அங்க இந்தக் காக்கா முதல்ல கண்ணுல பட்டதாப் பதிவானது 1947-ல. அப்புறம் கரையோரமாவே மாலிந்தி, வட்டாமு பக்கமெல்லாம் பரவிடுச்சு. அதோட நிக்காம மொம்பாசா-நைரோபி நெடுஞ்சாலையைப் பிடிச்சு உள்நாட்டுக்குள்ள நகர ஆரம்பிச்சுது. லாரி நிக்குற இடம், ஹோட்டல், எச்சில் இலை. அதுக்கு வேற என்ன வேணும்? கப்பல் ஏறவும் அதுக்குப் பயமில்ல. 1994-ல நெதர்லாந்துத் துறைமுகம் வரைக்கும் ரெண்டு காக்கா போய் இறங்கியிருக்கு.

20. இதுல நஷ்டம் யாருக்கு? முதல்ல கூடு கட்டுற சின்னப் பறவைகளுக்கு. அந்தக் கடற்கரையோட தூக்கணாங்குருவி இனங்களோட முட்டையும் குஞ்சும் வரிசையா காக்கா வாய்க்குப் போகுது. வெள்ளை நெஞ்சுச் சொந்தக் காக்கா பல கரையோர ஊர்கள்ல ஒதுங்கிப் போச்சு. கழுகு, பருந்து வந்தாலும் கூட்டமாச் சேர்ந்து விரட்டிடும். அடுத்து ஏழைகளுக்கு. வீட்டுக்குப் பின்னாடி பத்துக் கோழி வளர்த்துப் பிழைக்கிற ஒரு பொண்ணுக்கு, வாரம் நாலு குஞ்சு போனா அது பள்ளிக்கூடக் காசு.

21. சரி, ஊரு சுத்தமாவது ஆச்சா? ஒரு காக்காவோட எடையே 300 கிராம் பக்கம்தான். அது எவ்வளவு தின்னுடும்? பொட்டலத்தைக் கிழிச்சு, வேணுங்கிறதைக் கொத்திட்டு, மிச்சத்தை நாலு பக்கமும் இறைச்சுட்டுப் போயிடும். காக்கா எச்சத்துல சால்மொனெல்லா மாதிரி வயித்துப்போக்குக் கிருமிகள் இருக்குறதை ஆய்வுகள் காட்டியிருக்கு. அதே எச்சம் கூரையில விழும். கூரைத் தண்ணியைப் பிடிச்சுக் குடிக்கிற வீடுகள்ல என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

22. அப்புறம் வைத்தியத்துக்கு வைத்தியம். சுட்டுப் பார்த்தாங்க, கூட்டைக் கலைச்சாங்க, கூண்டுப் பொறி வச்சாங்க. காக்கா ரெண்டே நாள்ல பொறியைப் படிச்சுடும். கடைசியா வந்தது ஸ்டார்லிசைடுங்கிற விஷம். 1960-கள்ல அமெரிக்காவுல ஸ்டார்லிங் பறவைகளை ஒழிக்க உருவாக்கினது. முதல்ல சில நாள் வெறும் இறைச்சித் துண்டைப் போட்டுப் பழக்குவாங்க. காக்கா நம்பி வந்ததும் மருந்து தடவின துண்டு.

23. அது எப்படிக் கொல்லுது தெரியுமா? கிட்னியை அடிக்குது. யூரிக் அமிலம் வெளிய போக முடியாம உடம்புக்குள்ள தேங்கி, பறவை சோர்ந்து, அன்னைக்கோ மறுநாளோ செத்து விழும். காக்கா இனத்துக்குக் கொஞ்ச அளவே போதும். பாலூட்டிகளுக்கும் பருந்து, கழுகு வகைகளுக்கும் இதோட பாதிப்பு ரொம்பக் குறைவு. விஷம் உடம்புக்குள்ளயே சிதைஞ்சுடுறதால செத்த காக்காவைத் தின்ன மிருகத்துக்கும் பெருசா ஆபத்தில்லங்கிறது இதை ஆதரிக்கிறவங்க வாதம். ஆனா உள்ளூர்க் காக்காவும் காக்கா இனம்தானே? ஆள் நின்னு பார்த்து வைக்கலைன்னா அதுவும் சேர்ந்து சாகும்.

24. கிட்னி, யூரிக் அமிலம்னு படிச்சதும் எனக்கு வேற ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. நம்ம நாட்டுப் பிணந்தின்னிக் கழுகுகள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலி ஊசி, செத்த மாட்டுக்கறி வழியாக் கழுகுக்குப் போய், இதே மாதிரி கிட்னி செயலிழந்துதான் அதுங்க செத்துச்சு. காரணம் 2004-ல கண்டுபிடிச்சாங்க, 2006-ல இந்தியா மாட்டு டைக்ளோஃபினாக்கைத் தடை பண்ணுச்சு. அதுக்குள்ள சில இனங்கள்ல 90 சதவீதத்துக்கும் மேல காலி. அங்க தெரியாமக் கொன்னோம். இங்க தெரிஞ்சே கொல்றாங்க. ரெண்டுலயும் மருந்துச் சீட்டு மனுஷன் கையில.

25. விஷம் வேலை செஞ்சுதா? செஞ்சுது. 1990-கள்ல ஜான்சிபார்ல வெளிநாட்டு உதவியோட ஆயிரக்கணக்குல காக்கா கொல்லப்பட்டு எண்ணிக்கை தடாலடியாக் குறைஞ்சுது. பணம் நின்னுச்சு, வேலை நின்னுச்சு, காக்கா திரும்ப வந்துடுச்சு. கென்யாவுல மாலிந்தி, வட்டாமு பக்கமும் அதே கதை. 2000-கள் நடுவுல மருந்து இறக்குமதி நின்னதும், குறைஞ்சிருந்த கூட்டம் மறுபடி பெருகிடுச்சு.

26. டிபி நோயாளிங்க ரெண்டு மாசத்துல இருமல் நின்னதும் மாத்திரையை நிறுத்திடுவாங்க. ஆறு மாசம் கழிச்சு முன்னைவிட மோசமா வருவாங்க. எனக்கு அதுதான் தோணுச்சு. பாதி கோர்ஸ் எடுத்துட்டு நிறுத்துற வைத்தியம், வைத்தியமே பண்ணாம இருக்குறதைவிடச் சில சமயம் மோசம்.

27. அதனாலதான் 2024 அறிவிப்பைப் படிச்சப்ப எனக்குக் கோபம் வரல, கவலைதான் வந்துச்சு. "ஐயோ பாவம் காக்கா, கொல்லாதீங்க"ன்னு சென்னையில உட்கார்ந்து எழுதுறது சுலபம். தினம் தினம் கொத்திக் கிழிக்கப்படுற தூக்கணாங்குருவிக் குஞ்சும் உயிருதான். அந்தப் பெரியவர் பாட்டி வீட்டுத் தென்னைமரமும் கணக்குல வரணும். கட்டுப்படுத்தித்தான் ஆகணும். அதுல எனக்குச் சந்தேகமில்ல.

28. ஆனா காக்கா நோய் இல்லைங்க, நோய்க்குறி. நோய், மூடாத குப்பை. சந்தையிலயும் கசாப்புக்கடை வாசல்லயும் ஹோட்டல் பின்பக்கத்துலயும் சோறு கொட்டிக் கிடக்குற வரைக்கும், 10 லட்சம் செத்தா மிச்சமிருக்குறது அடுத்த வருஷம் நல்லாச் சாப்பிட்டு நிறையப் பொரிக்கும். காய்ச்சல் மாத்திரை போட்டா சூடு இறங்கும், டைபாய்டு இறங்காது. 1890-கள்ல வாய்க்காலுக்குப் பதிலா காக்காவைக் கொண்டு வந்தாங்க. இப்பவும் குப்பைத் தொட்டிக்குப் பதிலா விஷத்தை மட்டும் கொண்டு வந்தா, அது அதே சீட்டோட ரெண்டாவது பக்கம்.

29. இன்னொரு விஷயம். மொம்பாசாவுல 1947-ல வந்துச்சுன்னு இன்னைக்கு நமக்கு எப்படித் தெரியும்? பறவை பார்க்குறவன் எவனோ ஒருத்தன் நோட்டுல எழுதி வச்சதால. கிழக்கு ஆப்பிரிக்க இயற்கை வரலாற்றுச் சங்கம் நைரோபியில 1909-ல ஆரம்பிச்சது. அந்தச் சங்கத்து ஆளுங்க 1971-லிருந்து புதன்கிழமை காலையில சேர்ந்து நடந்து பறவை எண்ணுறாங்க. யார் வேணும்னாலும் போகலாம். அரிய பறவை மட்டும் இல்ல, தினம் பார்க்குற சாதாப் பறவையையும் எழுதுவாங்க.

30. நாங்க வார்டுல நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை டெம்பரேச்சர் சார்ட் போடுற மாதிரிதான் இது. நார்மலா இருக்குறப்ப எழுதி வச்சாத்தான் எப்ப ஏறுச்சுன்னு தெரியும். தூக்கணாங்குருவி இருந்த காலத்துல "இதென்ன, எங்க பார்த்தாலும் இருக்கு"ன்னு எழுதாம விட்டிருந்தா, இல்லாமப் போனதைக்கூட யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க.

31. அந்த வழிகாட்டிப் பெரியவர் கேட்ட கேள்விக்கு இப்ப என் பதில் இதுதான்: "ஐயா, உங்க ஊருக்கு வந்தது எங்க ஊர் காக்காதான். ஆனா அது தானா வரல, நாங்களும் அனுப்பல. சீட்டு எழுதினவங்க எப்பவோ ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. திருப்பிக் கூட்டிட்டுப் போக முடியாது. குப்பையை மூடுங்க, ஆரம்பிச்ச வைத்தியத்தைப் பாதியில விடாதீங்க." அவர் என்ன சொல்வார்னு தெரியல. அநேகமாச் சிரிப்பார்.

32. படிச்ச உங்களுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு, நாளைக்குக் காலையில பத்து நிமிஷம் மாடியில நின்னு என்னென்ன பறவை, எத்தனைன்னு எழுதுங்க, காக்காவையும் சேர்த்து. ரெண்டு, வீட்டுல அப்பா அம்மா மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்க. எதுக்கு எழுதினது, எப்ப நிறுத்தணும்னு தெரியாத மாத்திரை ஏதாவது ஓடிக்கிட்டிருந்தா நீங்களா நிறுத்திடாதீங்க. சீட்டை எடுத்துக்கிட்டு டாக்டரைப் போய்ப் பாருங்க.